மறுகால் பாயாத வருஷங்கள்

குளம் பெருகிய வருஷங்கள்
கோயில்பிச்சையின் கணக்கில் கிடையாது.
பம்புசெட்டுகள் காற்றை இறைத்த கோடைகள்தான்
அவன் கோப்பைகளின் அடியில்
வெட்டியிருக்கும்: எண்பத்தி மூணு,
எண்பத்தி ஆறு, ஏழு.

பெருங்கண்ணன்குளம் வற்றினால்
நடுவில் ஒரு நீள்வட்டம் தானாகக் கிடைக்கும்.
மடையருகே வெடித்த களி,
மற்றபடி ஆட்டுக்குளம்பு அரைத்த புழுதி.
நாலு வண்டி, நாலு சுற்று,
இடதுபக்கம் மட்டுமே திரும்பல்.
குறுக்கே கட்டிய சைக்கிள் ட்யூப்
சுண்டித் தெறித்தால் ஆரம்பம்.

பிரேக்கைக் கழற்றி எறிந்தவன் அவன்தான் முதலில்.
"நிறுத்த வழி இருந்தா
கை அதத்தாம்ல தேடும்."
சிரித்தோம்.
மூன்றாம் சுற்றில் வாய் திறக்க முடியவில்லை,
அவ்வளவு மண்.

வள்ளியூரில் வடை மடித்துத் தந்த தாளில்
ஒரு செக் நாட்டு ஓட்டக்காரன் இருந்தான்.
வண்டி இடதில் வழுக்க
முன்சக்கரம் வலதைப் பார்க்க
நீட்டிய கால் தரையில் கோடு கிழிக்க.
பேர் இருந்த இடத்தில் எண்ணெய்.
அந்தத் தாளை டூல்ஸ் பெட்டியில்
பதினோரு வருஷம் வைத்திருந்தான்.
"அவனுக்கும் ஜாவா, நமக்கும் ஜாவா.
மண்ணுதாம்ல வேற."

படத்தில் இருந்த இரும்புச் செருப்பை
ஏர்வாடி மீரான் லாரிப் பட்டையில் அடித்துக் கொடுத்தான்.
இடதுகாலுக்கு மட்டும்.
ஓட்டம் முடிந்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினால்
தோசைக்கல் மாதிரிச் சத்தம் வரும்.

என்னையும் சொல்லவேண்டும்.
நான் இரண்டாவது.
ஒன்பது தடவை இரண்டாவது.
அவன் முகத்தைவிட முதுகு எனக்கு நல்ல பழக்கம்.
அவன் பெண்டாட்டி கனகபுஷ்பம்
சட்டையில் தைத்த ஏழு
கொஞ்சம் வலப்பக்கம் சரிந்திருக்கும்.
வளைவில் அவன் சாயும்போது மட்டும்
அது நேராக நிற்கும்.

கனகபுஷ்பத்தின் அப்பாவுக்கு
அந்தக் குளத்துப் பாசனத்தில்தான் பிசான நெல்.
ஞாயிறுதோறும் கோயிலில் மழைக்கு ஜெபம்.
கோயில்பிச்சையும் முழங்கால் போடுவான்.
ஆமென் வருமிடத்தில்
அவனுக்கு இருமல் வந்துவிடும்.
மாமனார் ஒன்றும் கேட்டதில்லை.
கேட்காதது அவனுக்கு
கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று
ஒருநாள் சைலன்சரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

தொண்ணூத்திரண்டு ஐப்பசிக் கடைசியில்
வானம் ஒரேயடியாகக் கொட்டியது.
நடுராத்திரி தெற்குக்கரையில் உடைப்பு.
மண்மூட்டை, பனந்தடி, அரிக்கேன் விளக்கு.
முளைகள் சேற்றில் இறங்க மறுத்தன.
கோயில்பிச்சை வீட்டுக்கு ஓடி
இரும்புச் செருப்பை மாட்டி வந்தான்.
மிதித்தான்.
விடியுமட்டும் ஒற்றைக்காலால் மிதித்தான்.
கரை நின்றது.
அவனுடைய ஓடுதளம்
பத்தாள் ஆழத்துக்குக் கீழே போயிற்று.
அதற்கு யாரும் கோப்பை கொடுக்கவில்லை.

மறுபடி வற்றியபோது
எங்கள் இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டியிருந்தது.
ட்யூப் தெறித்தது. நான் முன்னால்.
முன்னால் இருப்பது என்னவென்று தெரியாமல்
ஒன்றரைச் சுற்று முன்னால்.
எதிரே வெறும் குளம். துடைத்த மாதிரி.
எந்த முதுகைப் பார்த்துத் திரும்புவது?
பிறகு பின்னால் சத்தம் நின்றுபோயிற்று.

செங்கல்சூளைக்காரர்கள் களி தோண்டிய குழியில்
வண்டி தலைகுப்புற,
காரையெலும்பு முறிந்து அவன்.
ஓடிப்போய்த் தூக்கினேன்.
வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:
"ஒன் முதுகு இப்படியாடே இருக்கும்?
கூனிக்கிட்டுல்லா போற."

அதன்பின் அவன் ஓட்டவில்லை.
நானும்தான்.
அந்த ஓட்டம் கணக்கில் சேராது என்று
நடுவர் எழுதினார்.
அதனால் நான் இன்னும் இரண்டாவதுதான்,
அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது,
இல்லாமல் என்ன.

இந்த வருஷம் மறுகால் பாய்கிறது.
சாயங்காலம் கரையில் நின்று பார்த்தேன்.
சரியாக இரண்டாம் வளைவுக்கு மேலே
ஒரு நாமக்கோழி நீந்தி வந்தது,
கொஞ்சநேரம் நின்றது,
வலப்பக்கமாகத் திரும்பிப் போயிற்று.